கொள்ளை காணாமல் போன படம்

தகரக் கொட்டகையில் மேட்னி பார்த்திருக்கிறீர்களா? என் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு சாய்வு நாற்காலியில் கிடக்கும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் அது தெரியும். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே கறுப்புப் படுதாவை இழுத்துவிட்டு இருட்டாக்குவார்கள். ஆனாலும் கூரைத் தகரத்தில் ஆணி பெயர்ந்த ஓட்டைகள் வழியாக வெயில் இறங்கி, படம் பார்ப்பவர்களின் தலையிலும் தோளிலும் வட்ட வட்டமாக விழும். படம் ஓட ஓடச் சூரியனும் மேற்கே சாயும். அந்த வட்டங்கள் ஒரு மடியிலிருந்து அடுத்த மடிக்கு மெல்ல நகர்ந்து போகும். படம் நன்றாக இல்லாவிட்டால் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அப்படி ஒரு பிற்பகலில், எனக்கு எட்டு வயது இருக்கும்போது, ஒரு சினிமாவால் என் அத்தையின் கல்யாணம் நின்றுபோனது.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற சாலையில் எங்கள் ஊர். அத்தை என் அப்பாவின் தங்கை. அவர்களைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால், அத்தையைத் தூக்கி வளர்த்ததே அப்பாதான். நான் பிறந்தபோது அத்தைக்குப் பன்னிரண்டு வயதாம். எனக்கு அவள் பாதி அத்தை, பாதி அக்கா.

நான் சொல்லப்போகும் பருவம் புளி உலுக்கும் காலத்தில் தொடங்கி மாம்பழக் காலத்தில் முடிகிறது. மாசி, பங்குனியில் எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் புளிப்பு வாசனைதான் முதலில் முகத்தில் அடிக்கும். வாசலில் புளியங்காய் காயும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, சின்னக் கட்டையால் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். டொக் டொக்கென்று ஊரே தாளம் போடும். விரலெல்லாம் பிசுபிசுக்கும். மத்தியானத் தூக்கத்தில் கேட்ட அந்தச் சத்தம் இப்போதும் சில நாட்கள் காதுக்குள் வருகிறது. விழித்துப் பார்த்தால் மின்விசிறி.

சினிமா சங்கதி அதற்கு முந்தின வருஷமே தொடங்கிவிட்டது. வெளியூர் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள் என்று எல்லோருமாக ஒகேனக்கல் போயிருந்தோம். அப்பா பாறைமேல் குப்புறப் படுத்து, எண்ணெய் தேய்த்துவிடுகிற ஆளிடம் முதுகைக் கொடுத்திருந்தார். அம்மா மீனை வறுக்கக் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் நின்றாள். நானும் அத்தையும் வேடிக்கை பார்த்துக்கொண்டே பரிசல் துறைக்குப் போனோம். அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கதாநாயகி நீலப் புடவை கட்டிக்கொண்டு குடையின் கீழ் உட்கார்ந்திருந்தாள். பரிசலைக் காட்டி அவளை ஏறச் சொன்னார்கள். அவள் தண்ணீரைப் பார்த்தாள், பரிசலைப் பார்த்தாள், முடியவே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். யார் யாரோ கெஞ்சினார்கள். பிறகு தொப்பி போட்ட ஒல்லியான ஆள் ஒருவர் கூட்டத்துக்குள் கண்ணை ஓட்டிக்கொண்டே வந்து, அத்தையின் உயரத்தையும் இடுப்புக்குக் கீழே தொங்கிய ஜடையையும் பார்த்து நின்றார்.

“ஏம்மா, பரிசல்ல ஏறுவியா? மூஞ்சி தெரியாது. முதுகுப் பக்கம்தான் எடுப்போம்.”

அத்தை பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் முதுகில் எண்ணெய் பளபளத்தது. அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

“ஏறுறங்க” என்றாள்.

ஒரு போர்வையைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். உள்ளே போன அத்தை நீலப் புடவையோடு வெளியே வந்தாள். ஜடையில் நீலக் கல் பதித்த ஊசி ஒன்றைச் செருகினார்கள். மடியில் ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தார்கள். சமஸ்தானத்து நகைப்பெட்டியாம் அது. அதைத்தான் படத்தில் எல்லோரும் சேர்ந்து கொள்ளையடிக்கிறார்களாம். கதாநாயகனைப் போல உடுத்திய ஓர் ஆள் துடுப்புப் போட்டார். பரிசல் நடு ஆற்றுக்குப் போய்ச் சுற்றியது. அருவியின் சாரல் புகைபோல வந்து அதை மூடியது, விலகியது, மறுபடியும் மூடியது.

அன்றைக்கு நான் கரையில் நின்று பார்த்தேன், பிறகு திரையிலும் பார்த்தேன். இப்போது இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஞாபகத்தில் நான் கரையில் இல்லை. தண்ணீருக்கு மேலே எங்கேயோ மிதந்துகொண்டு அத்தையின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் இறங்கி வந்ததும், “பெட்டிக்குள்ள என்னா இருந்துச்சு அத்த?” என்று கேட்டேன்.

“கூழாங்கல்லு” என்றாள். சாரலில் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

ஜடை ஊசியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அத்தை அதை வெகு நாள் வைத்திருந்தாள். ஒரு புளிக் காலத்தில் அது தொலைந்துபோயிற்று. உரித்த புளியோடு சேர்ந்து எந்த ஊர் மூட்டையில் போனதோ.

மீன் வறுபட்டு முடிவதற்குள் செய்தி அப்பாவின் காதுக்குப் போய்விட்டது. பஸ்ஸில் அவர் எங்களை விட்டு முன் சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்துதான் சொன்னார்: “இனிமே இந்த வூட்ல அந்தப் பேச்சு வரக் கூடாது.”

வரவில்லை. சுவரொட்டி வரும்வரை.

அப்படி ஒரு சுவரொட்டியை எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. பஸ் நிற்கும் இடத்துச் சுவர் முழுக்க நடிகர்களின் தலைகள். ஒரு படத்தில் ஒருவர் நடித்தாலே கொட்டகை நிரம்பும். இதில் அத்தனை பேரும். சண்டைக்கு ஒருவர், அழுகைக்கு ஒருவர், சிரிப்புக்கு இரண்டு பேர், வில்லனாகவே பார்த்துப் பழகிய ஒருவர், இவர்களுக்கு நடுவே அந்த நீலப் புடவை. பள்ளிக்கூடத்தில் நாங்கள் கட்சி பிரிந்தோம். கடைசியில் பெட்டி யார் கைக்குப் போகும் என்று சண்டை போட்டு, ஒருத்தியின் ரிப்பனைக்கூட நான் பிய்த்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை கடத்தூர்ப் பக்கம்; எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அப்பா இல்லாதவர். அவருடைய பெரியப்பாதான் முன்னால் நின்று எல்லாம் பேசினார். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருக்கிறது என்று சொல்லியும் அனுப்பினார்கள்.

படம் முதலில் தருமபுரிக்கு வந்தது. சினிமாவே பிடிக்காத அப்பா ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிப் போனார். விளக்கு வைத்த பிறகு வந்தார். அத்தை புளி தட்டிக்கொண்டிருந்தாள்.

“பாத்தீங்களாண்ணா?”

“பாத்தேன்.”

“நான்…”

“நீ அதுல இல்ல. வெட்டிட்டாங்க.” காலைக் கழுவிக்கொண்டே சொன்னார். “படமா அது? ஒரு மண்ணும் இல்ல.”

“நல்லதாப் போச்சு” என்றாள் அம்மா.

அத்தை அடுத்த புளியை எடுத்து வைத்தாள். கட்டையை ஓங்கித் தட்டினாள். ஒரு கொட்டை தெறித்து என் காலருகே வந்து விழுந்தது. அவள் கண் சிவந்திருந்ததற்குப் புளித் தூசி என்று அம்மா காரணம் சொன்னாள். நானும் நம்பினேன்.

தருமபுரியில் படம் ஒரு வாரம்கூடத் தாங்காமல் எங்கள் பக்கத்துக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. கூடவே மாப்பிள்ளையின் பெரியப்பாவிடமிருந்து ஆள் வந்தது. பெண் சினிமாவில் நடித்திருப்பதாக ஒகேனக்கல்லுக்கு வந்த உறவுக்காரர்கள் மூலம் கேள்விப்பட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குப் பெரியப்பாவும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். நாங்களும் வர வேண்டும். பெண்ணும் வர வேண்டும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தானே அடையாளம் தெரியும்.

“அதான் அவ அதுல இல்லியே. வந்து பாத்துட்டுப் போட்டும்” என்றாள் அம்மா. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவர் எங்கே போனார் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. வயதான பிறகு, இருமலும் சிரிப்புமாக அவரே சொன்னார். அத்தை அந்தப் படத்தில் இருந்தாள். தருமபுரியில் அதைப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று வந்து சொல்லியிருக்கிறார். அன்றைக்குக் கொட்டகை ஆபரேட்டரைத் தேடிப் போய்க் கெஞ்சியிருக்கிறார்.

“அந்தத் திருட்டுப் பசங்க பெட்டிய எடுத்துக்கிட்டு வர எடம் இருக்குதில்லீங்க, ஞாயித்துக்கெழம மட்டும் அத எடுத்துடுங்க. என் தங்கச்சி வாழ்க்க.”

“பெட்டி எடுக்கற எடமா?”

“ஆமாங்க, அதான்.”

“சரிங்க, பாத்துக்கறேன்.”

அப்பா நிம்மதியாக வீட்டுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆண்கள் பக்கம் பெஞ்சில் பெரியப்பா, மாப்பிள்ளை, அப்பா. பெண்கள் பக்கம் மணலில் அம்மா, அத்தை, நடுவில் நான். நல்ல கூட்டம். தருமபுரியில் படுத்துவிட்ட படம் என்று தெரிந்தும் வந்திருந்தார்கள். தலைகளின் எண்ணிக்கை அப்படி.

ஒவ்வொரு தலையாகத் திரையில் வந்தபோது விசில் பறந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு சண்டை, ஒரு பாட்டு. பிறகு எல்லோரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேஜைமேல் வரைபடம். சமஸ்தானத்து அரண்மனையில் எந்த வாசல் வழியாக நுழைவது, காவலாளிக்கு எதில் மயக்க மருந்து வைப்பது, எந்தப் பூட்டை யார் திறப்பது என்று பேசினார்கள். பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். இடைவேளை விட்டார்கள். முறுக்குத் தின்றோம். திரும்பி வந்தால் மறுபடியும் மேஜை. என் மடியில் கிடந்த வெயில் வட்டம் அத்தையின் மடிக்குப் போய்விட்டது. பின்னால் ஒரு குழந்தை அழுதது. அம்மா தூங்கி விழுந்தாள்.

ஒருவழியாக எழுந்து அரண்மனைக்குக் கிளம்பினார்கள். மதில் ஏறினார்கள். இருட்டில் ஒரு கதவு திறந்தது. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

திரை வெள்ளையாக ஒரு துள்ளு துள்ளியது. அடுத்த கணம் பகல். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஆற்றங்கரையில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

கொட்டகையே திகைத்துப் போயிற்று. “டேய், திருடுனதக் காட்டுங்கடா!” என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கத்தினார். கூச்சல் எழுந்தது. ஆபரேட்டர் அறைப் பக்கம் மணலை வாரி வீசினார்கள். எட்டு வயதில் நானும் அவர்களோடு சேர்ந்து கத்தினேன். எவ்வளவு பேச்சு, எவ்வளவு திட்டம், அந்தப் பூட்டை எப்படித் திறந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆபரேட்டர் அப்பாவிடம் சொன்னபடியே பெட்டி எடுக்கிற இடத்தை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் பரிசல் வந்தது.

சாரல் திரையை மூடியது. விலகியபோது நீலப் புடவை தெரிந்தது, நீண்ட ஜடை தெரிந்தது. பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. அந்த முதுகு விறைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பிறகு ஒரு கை மட்டும் பெட்டியை விட்டு நீங்கி, விளிம்புக்கு வெளியே தாழ்ந்து, தண்ணீரைத் தொட்டது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லியிருக்க மாட்டார்கள். என் கையின் மேல் அத்தையின் கை வந்து விழுந்து இறுக்கியது. அவ்வளவுதான். அடுத்து கதாநாயகியின் முகம் பெரிதாக வந்து அழுதது.

நான் ஆண்கள் பக்கம் பார்த்தேன். அப்பா ஆபரேட்டர் அறையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கடைசியில் பெட்டி ஆற்றோடு போய்விட்டது. ஒருவருக்கும் கிடைக்கவில்லை. ஜனங்கள் திட்டிக்கொண்டே வெயிலுக்கு வந்தார்கள்.

வெளியே சோடாக் கடையில் பெரியப்பாவுக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார். “கண்ண மூடாம பாத்தேன்ப்பா. எத்தன பொம்பளைங்க வந்தாங்க, அத்தன மூஞ்சியும் பாத்தேன். நம்ம பொண்ணு இல்ல. சும்மா எவனோ பொரளி கெளப்பி வுட்டுருக்கான். வர்ற வெள்ளிக்கெழம வந்து தட்டு மாத்திக்கலாம்.”

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அப்பா சோடாவுக்குக் காசு எடுத்துக் கொடுத்தார்.

“மூஞ்சி என்னுது இல்லீங்க” என்று ஒரு குரல் கேட்டது. “முதுகு என்னுது.”

அத்தைதான். தலை குனியவில்லை.

“என்னாம்மா சொல்ற?” என்றார் பெரியப்பா.

“பரிசல்ல உக்காந்திருந்தது நானுங்க. அந்தம்மா பயந்துக்கிட்டு ஏறல, நான் ஏறினேன். வெட்டிட்டாங்கன்னு அண்ணன் சொன்னாரு. வெட்டல. இருக்கறேன்.”

“ஏ, வாய மூடு” என்றார் அப்பா.

பெரியப்பா சோடா பாட்டிலைக் கடைப் பலகையில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மாப்பிள்ளை உடனே நகரவில்லை. அதுவரை அவர் பேசி நான் கேட்டதில்லை. “பயமா இல்லீங்களா?” என்று கேட்டார்.

“இருந்துச்சுங்க” என்றாள் அத்தை. “ஆனா எறங்கணும்னு தோணல.”

அவர் தலையை ஆட்டினார். பெரியப்பா தூரத்திலிருந்து அவரைக் கூப்பிட்டார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சத்தம் செத்துப்போயிற்று. அப்பா அத்தையோடு பேசுவதை விட்டார். கைக்கு வந்ததைத் தானே கெடுத்துக்கொண்டாள் என்றாள் அம்மா. திமிர் என்றார்கள் அக்கம்பக்கத்தில். மாப்பிள்ளையைப் பிடிக்காமல்தான் அப்படிச் சொன்னாள் என்று நான் நினைத்தேன். நாங்கள் எல்லோருமே தப்பாக நினைத்தோம். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும்; ஆனால் அந்தக் கையைத் தண்ணீரில் விட்டது தான் இல்லை என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க அவளால் ஆகாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கே நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

புளியெல்லாம் மூட்டையாகி வண்டி ஏறிப் போயிற்று. வெயில் முற்றியது. காற்றில் புளிப்பு போய் மாம்பழ வாசனை வந்தது. அத்தை காலையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவாள், பகலில் பேசாமல் கூடத்தில் படுத்திருப்பாள். நானும் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். ஓட்டு இடுக்கில் தெரியும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருவரும் கிடப்போம். எத்தனை நாள் அப்படிக் கிடந்தோமோ.

ஒரு நாள் காலை மாப்பிள்ளை தனியாக வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது. அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார்.

“பெரியப்பா வரலீங்களா?”

“வரலீங்க. ரெண்டு மாசமாப் பேசிப் பாத்தேன். வரமாட்டேன்னுட்டாரு. அதான் நானே வந்துட்டேன்.” தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார். “எனக்கு இஷ்டங்க. உங்க வூட்ல என்னா சொல்றீங்களோ.”

அம்மா கதவோரம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை உள்ளேயிருந்து வந்தாள்.

“நீ உள்ள போ பாப்பா” என்றார் அப்பா அத்தையைப் பார்த்து. இரண்டு மாதத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அவள் போகவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்து, “உங்க ஊர்ல யாராச்சும் கேட்டா என்னா சொல்லுவீங்க?” என்று கேட்டாள்.

“ஆமான்னு சொல்லுவேன். வேற என்னாத்த சொல்றது?”

அத்தை அப்பா பக்கம் திரும்பினாள். “எனக்கும் இஷ்டம்தாண்ணா. ஆனா நீங்க அன்னிக்கு நான் அதுல இல்லைன்னு சொன்னீங்க. இவரு முன்னாடி நெசத்த சொல்லுங்க.”

சொன்ன சொல்லை மாற்றிப் பேசி அப்பாவுக்குப் பழக்கமில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் போய்விடுவார், இல்லை கத்துவார் என்று நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

“இருந்தா” என்றார் அப்பா, மாப்பிள்ளையிடம். “நல்லாத்தான் இருந்தா. எங்க மறுபடி ஒரு தரம் பாக்க முடியாமப் போயிருமோன்னு, தருமபுரியில அடுத்த ஆட்டத்துக்கும் உக்காந்து பாத்துட்டுத்தான் பஸ் ஏறினேன்.”

“அந்தப் படத்தயா? ரெண்டு ஆட்டமா?” என்றார் மாப்பிள்ளை.

அத்தை சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.